நிபுணர் திறந்த பின்மூடி

என் கணவர் ஒரு தொழில்நுட்ப நிபுணர். இதைச் சொன்னவர் அவரேதான். காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளரின் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை ஒருநாள் உருவி எடுத்தாராம். அன்றிலிருந்து அந்தப் பட்டம்.

கால் முறிந்து ஐந்து மாதம் நான் கட்டிலோடு கிடந்தபோது, என் தம்பி ஒரு கையடக்க கேமிங் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தான். அதில் ஒரு பண்ணை வைத்தேன். ஆறு மாடு, ஒரு குளம், குளத்தங்கரையில் ஒரு வீடு. குளியலறைவரை நடக்க முடியாதவள் அதற்குள் ஏரோட்டினேன். அந்தப் பண்ணை இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். இவர் ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. "இன்னும் அந்தப் பொம்மை மாட்டதான் மேய்க்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

கால் சரியானது. கம்ப்யூட்டரில்தான் இடம் நிரம்பிவிட்டது. உள்ளே எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் எஸ்.எஸ்.டி. சில்லு, கூடுதல் இடமுள்ளதாக ஒன்று வாங்கினேன், கட்டைவிரல் நீளம்கூட இல்லை. கடைக்காரர் தானே மாட்டித் தருவதாகச் சொன்னார். வீட்டில் நிபுணர் இருக்கும்போது அவர் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் துண்டு விரிக்கப்பட்டது. செய்முறை வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டார். நிபுணருக்கு அது போதும். "மொதல்ல உன் பண்ணைய பத்திரப்படுத்தணும்" என்று எல்லாவற்றையும் மெமரி கார்டில் காப்பி எடுத்தார். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ஸ்க்ரூக்களைக் கழற்றி, பின்மூடியை நெம்பினார். மூடியோரத் துளையில் செருகியிருந்த கார்டை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

டக்கென்று ஒரு சத்தம்.

"மூடி விட்டுக்குடுத்துடுச்சு" என்றார் பெருமையாக.

விட்டுக்கொடுத்தது மூடி அல்ல, பத்திரப்படுத்தப்பட்ட என் பண்ணை. கார்டு இரண்டாக முறிந்து கிடந்தது. வீடியோவில் முதல் எச்சரிக்கையே அதுதானாம். வேகமாக ஓடவிட்டால் எச்சரிக்கையும் வேகமாகத்தான் ஓடும்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பேட்டரி வயரை உருவிவிட்டு, பழைய எஸ்.எஸ்.டி.யைக் கழற்றிப் புதியதை மாட்டினார். பவர் பட்டனை அழுத்தினார். திரை கருப்பாகவே இருந்தது. மறுபடி அழுத்தினார்.

"கடைக்காரன் டூப்ளிகேட் குடுத்துட்டான்."

"பேட்டரி வயர சொருகலைங்க."

சொருகினார். உயிர் வந்தது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

நானோ துண்டில் கிடந்த பழைய எஸ்.எஸ்.டி.யையே பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பி எடுத்தால் அசல் எங்கே போகும்? என் ஆறு மாடும் அதற்குள் பத்திரமாக நின்றுகொண்டிருந்தன. நிபுணருக்கு அது உறைக்கவில்லை. எனக்கு இருந்த ஆத்திரத்தில் நானும் சொல்லவில்லை. என் கால் எக்ஸ்ரே கவருக்குள் அதை ஒளித்து வைத்தேன். ஐயா கொஞ்சநாள் தவிக்கட்டும்.

தவித்தார். மறுநாள் அலுவலகத்திலிருந்து வந்ததும் சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்து, கேமை மறுபடி ஏற்றி, புதிதாக ஒரு பண்ணையைத் தொடங்கினார்.

"குளம் வீட்டுக்கு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"கிழக்குப் பக்கம்."

அடுத்தநாள், "வேலி என்ன கலரு?" அதற்கடுத்தநாள், "மாடுங்களுக்குப் பேரு வச்சிருந்தியா?"

ஐந்து மாதத்தில் கேட்காத கேள்விகள். ஐந்து மாட்டின் பெயரைச் சொன்னேன்.

"ஆறாவது?"

"உங்க பேரு. எவ்ளோ கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காது."

ஆறாவது மாட்டுக்கு அந்தப் பெயரையே தட்டச்சு செய்தார்.

மூன்று வாரம் ஆனது. குளம் கோணலாக இருந்தது, வேலி பாதிதான் முடிந்திருந்தது. ஆனாலும் தினமும் என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் கட்டினார். எனக்கு மனசு உறுத்தியது. எக்ஸ்ரே கவரைப் பிரித்து, எஸ்.எஸ்.டி.யை அவர் முன்னால் வைத்தேன்.

"எல்லாம் இதுல அப்படியேதான் இருக்கு. எனக்கு அன்னிக்கே தெரியும்."

கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"இப்பவே மாத்தணுமா? நாளைக்கு பூசணிக்கா பறிக்கணும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டேன். "இன்னும் அந்தப் பொம்மை மாட்டதான் மேய்க்கிறீங்களா?"

"பொம்மை மாடுன்னு சொல்லாத" என்றார், தலையை நிமிர்த்தாமல். "அதுக்கு என் பேரு. இப்பல்லாம் கூப்பிட்டா திரும்பிப் பாக்குது."