நசுங்காத எலுமிச்சை

“சாவியக் கீழ வை, திருமலை. ஜெயிலுக்குப் போன கை அது” என்றாள் அண்ணி தாட்சாயணி.

திருமலை வைத்துவிட்டான். வாசலில் புது வேன் மஞ்சள் குங்குமத்தோடு நின்றது. தம்பி ஓட்டுவான் என்று நம்பித்தான் முரளிதரன் அதை வாங்கினான். இப்போது மனைவிக்குப் பயந்து வேறு டிரைவர் தேடிக்கொண்டிருந்தான்.

திருமலை செய்த குற்றம், ரங்கையாவின் லாரியை ஓட்டியது. மேலே மாங்காய், அடியில் செம்மரம். மாங்காயை மட்டும் பார்த்தவன் ஒன்றரை வருடம் உள்ளே இருந்தான். மரத்தை ஏற்றச் சொன்ன ரங்கையா வடமாலபேட்டையில் கோயில் கமிட்டித் தலைவரானார். முடக்கிய லைசென்ஸை மீட்கத் திருமலை பதினோரு தடவை ஆபீசுக்கு நடந்தான். போன வாரம் சர்க்கார் மனமிரங்கிக் கொடுத்துவிட்டது. தாட்சாயணிதான் இன்னும் கொடுக்கவில்லை.

சக்கரத்துக்கு முன்னால் வைத்த எலுமிச்சம்பழத்தைக் கைராசிக்காரர் ஏற்றி நசுக்க வேண்டுமாம். அதற்கு அவள் அழைத்தது யாரை? சாட்சாத் ரங்கையாவையே. அவரிடம் லைசென்ஸ் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. பெரிய மனிதரிடம் அதெல்லாம் கேட்கக்கூடாது.

ஆயுள் முழுக்கப் பின் சீட்டிலேயே உட்கார்ந்தவர் கம்பீரமாக ஏறினார், கியரைப் போட்டார், அழுத்தினார். வேன் பின்னால் போய்ச் சாக்கடையில் இறங்கியது. நான்கு பழங்களும் மேனி கசங்காமல் கிடந்தன.

பத்து மணிக்குப் புத்தூரில் ஆட்களை ஏற்றித் திருப்பதி போக வேண்டும். முரளிதரன் தம்பியைப் பார்த்தான். திருமலை வேனில் ஏறி இன்ஜினைக் கிளப்பியதும் தாட்சாயணி ஓடிப்போய்ப் பழங்களைப் பொறுக்கத் தொடங்கினாள். வண்டியை மேலே ஏற்றினால் மட்டும் போதும், ராசிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

திருமலை சிரித்துக்கொண்டே இன்ஜினை நிறுத்தினான்.

“பழம் அங்கியே இருக்கட்டும் அண்ணி. இல்லன்னா ரங்கையா அண்ணனே வண்டிய எடுக்கட்டும்.”

புத்தூரிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்த இரண்டு பழங்களையும் தாட்சாயணி தானே குனிந்து மறுபடி வைத்தாள். வேன் சாக்கடையை விட்டு ஏறி நான்கையும் சடக்கென்று நசுக்கியது.

வேனிலிருந்து இறங்கியபோது சாக்கடையில் கால் வைத்துச் சேறான வேட்டியோடு நடக்கக் கூசிய ரங்கையா, போகிற வழியில் வீட்டில் இறக்கிவிடச் சொல்லிப் பின் சீட்டில் ஏறினார். கிளம்புமுன் திருமலை இறங்கி வந்து, பின்கதவைத் திறந்து அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனான். என்னடா என்றான் முரளிதரன்.

“ஒண்ணுமில்ல அண்ணா. இன்னா லோடுன்னு பாத்துக்கினேன். போன தடவ பாக்காம வுட்டுட்டேன்.”