உள்பக்கத்து ஐஸ்

கார்க் கண்ணாடிக்கு வெளியே ஐஸ் பிடித்தால் ரொறன்ரோவில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உள்ளே பிடித்தால் விசாரிக்க வேண்டும். விசாரிப்பது என் வழக்கம். மல்வேர்னில் எங்கள் வீட்டு வரிசையில் இந்த வழக்கத்துக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஊரில் யுத்தம் முடிந்த மே மாதத்துக்குப் பிறகு வந்த முதல் தை அது. பக்கத்து வீட்டுக் கிறிஸ்துநாயகமும் நானும் பிக்கரிங்கில் ஒரே தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறோம். விடியக்காலை அவருடைய காரில்தான் போவேன், பின் சீட்டில். ஒருநாள் பார்க்கிறேன், மனிதர் தோசை திருப்பும் தட்டகப்பையால் கண்ணாடியின் உள்பக்கத்தைச் சுரண்டுகிறார். தேங்காய்ப்பூ மாதிரி ஐஸ் அவருடைய மடியில் கொட்டுகிறது.

“தம்பி, உதென்ன, உள்ளுக்கும் பனி பெய்யுதோ?”

“கார் பழசு அக்கா.”

“என்ர மனுசனும் பழசுதான். அவருக்கு உள்ளுக்க ஐஸ் பிடிக்கேல்லையே.”

பழைய சொக்ஸில் உப்புக் கட்டி உள்ளே வைக்கச் சொன்னேன். வைத்தார். உப்பு நனைந்தது, ஐஸ் போகவில்லை. கராஜுக்குக் கொண்டுபோனோம். கராஜ்காரர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, “காரில ஒரு பிழையுமில்லை. ஆரோ எஞ்சினைப் போடாமல் உள்ளுக்க இருந்து மணிக்கணக்கா மூச்சு விடுகினம். அந்த மூச்சுத்தான் உறையுது” என்றார். கிறிஸ்துநாயகம் காசைக் கொடுத்துவிட்டு அவசரமாகக் காரைக் கிளப்பினார்.

எனக்கு அது போதும். செவ்வாய்க்கிழமை இரவு ஏழரைக்கு அவர் குப்பைப் பையோடு இறங்கினார். எங்கள் தெருவில் குப்பை எடுப்பது திங்கட்கிழமை. பையைக் காரடியில் வைத்துவிட்டு உள்ளே ஏறியவர் முக்கால் மணி நேரம் இருட்டில் இருந்தார், காதில் போன். நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தபடியால் தற்செயலாகக் கண்டேன். வேறு பெண்ணோ என்று சந்தேகம். மறுநாள் காரில் நேராகவே கேட்டுவிட்டேன்.

“ஐயோ அக்கா, றோசலினுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தங்கச்சியோட கதைக்கிறன்.”

தங்கை மக்டலீன். மகளோடு வவுனியா முகாமில் இருந்து மார்கழியில்தான் வெளியே விட்டிருந்தார்கள். புருஷனைப் பற்றித் தகவல் இல்லை. ஆனால் அவருடைய பெண்சாதி றோசலினுக்கும் மக்டலீனுக்கும் பதினொரு வருடமாகக் கதையில்லை. மக்டலீனின் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாகத் தன்னை வைப்பாள் என்று நம்பி றோசலின் இங்கிருந்து வெள்ளைச் சட்டை அனுப்பினாள். மக்டலீன் பக்கத்து வீட்டுக்காரியை வைத்துவிட்டாள். அன்று புருஷனும் பெண்சாதியும் அந்தோனியார் சொரூபத்தில் கை வைத்து, இந்த வீட்டுக்குள் இனி மக்டலீனோடு கதையில்லை என்று சத்தியம் செய்தார்கள்.

“வீட்டுக்குள்ள எண்டுதானே அக்கா சத்தியம். கார் வீடில்லையே?”

இந்த மூளையை வைத்துக்கொண்டு இவர் ஏன் பெட்டி கட்டுகிறார் என்று நினைத்தேன்.

“அவளுக்கு இப்ப நான் ஒருத்தன்தான். றோசலினுக்குத் தெரிஞ்சா இதுவும் நிண்டுபோம்” என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்லுவார்.

வியாழன் காலை பின் சீட்டில் அரிசி மூட்டைகள் கிடந்ததால் முன்னால் ஏறினேன். அவர் தன் பக்கத்தை மட்டும் சுரண்டுவார். என் பக்கத்தில் விரல் தடிப்புக்கு ஐஸ். அதில் நகத்தால் கீறிய குட்டிக் குட்டிச் சிலுவைகள்.

“நேற்றும் கதைச்சனீங்களோ?”

“இல்லையே. நேற்று நான் காரடிக்கே போகேல்லை.” சிலுவைகளைக் கண்டதும் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். “கள்ளன் ஏறியிருக்கிறானோ?”

“கள்ளன் செபம் சொல்லிப்போட்டோ போவான்?”

குழைத்த மாவில், சோற்றுப் பானை மூடியில், பஸ் ஜன்னலில், எங்கே வெறுமையாக ஓரிடம் கண்டாலும் சிலுவை போடுகிறவள் ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஏறினால் பழக்கத்தில் அந்தப் பக்கம்தான் இருப்பாள். “கார்த் திறப்பு வீட்டில எத்தனை இருக்கு தம்பி?” என்று மட்டும் கேட்டேன். இரண்டு என்றவர், மற்றச் சாவி யாரிடம் என்று அப்போதுதான் யோசிக்கத் தொடங்கினார்.

வெள்ளி இரவு ஏழரை. செபமாலையைக் காரில் விட்டுவிட்டதாகச் சொல்லி றோசலின் இறங்கினாள். ஐந்து நிமிடம் கழித்துக் கிறிஸ்துநாயகம் பின்னால் வந்தார். நானும் குப்பை போடப் போனேன். எங்கள் வீட்டிலும் திடீரென்று குப்பை சேர்ந்திருந்தது.

அவர் கதவைத் திறந்தார். உள்ளே றோசலின், காதில் போன்.

“ஆரோட கதைக்கிறீர்?”

“உங்கட தங்கச்சியோடதான்! முகாமால வந்த பிள்ளையோட எத்தினை நாளைக்குக் கோவிக்கிறது? நீங்கள் சத்தியத்தைப் பிடிச்சுக்கொண்டு நிப்பியள் எண்டுதான் ஒளிச்சனான்.”

“நானும் அவளோடதானப்பா ஒளிச்சுக் கதைக்கிறன்!”

போனுக்குள்ளிருந்து மக்டலீனின் குரல் எனக்கே கேட்டது. “அண்ணை, இண்டைக்கு வெள்ளி. அண்ணியின்ர நாள். நீங்கள் செவ்வாயும் வியாழனுமெல்லோ? ரெண்டு பேரும் மற்றவருக்குச் சொல்லாதை எண்டால் நான் என்ன செய்யிறது?”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி மூச்சு விட்டார்கள். கண்ணாடி வெள்ளையாகிக்கொண்டிருந்தது. குளிர் மைனஸ் இருபது.

“உள்ளுக்க போய்க் கதையுங்கோவன்,” என்றேன்.

“சத்தியம் அக்கா!” இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“என்ர குசினியில ஒருத்தரும் ஒரு சத்தியமும் பண்ணேல்லை. வாங்கோ.”

வந்தார்கள். போனைச் சமையலறை மேசை நடுவில் வைத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். எல்லோருக்கும் கேட்க வேண்டாமா? தேத்தண்ணீர் ஊற்றினேன். றோசலின் மேசையில் விரலால் சிலுவை போட்டுப் போட்டு இருந்துவிட்டுக் கேட்டாள்.

“மக்டலீன், அண்டைக்கு நான் அனுப்பின சட்டையை என்ன செய்தனீர்?”

“அதைத்தான் அண்ணி பிள்ளைக்குப் போட்டது. ஞானத்தாய் கோயிலில நிக்கவேணும். நீங்கள் கனடாவில. சட்டையாவது உங்கட எண்டுதான் போட்டனான். நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே.”

றோசலின் முகத்தைத் துடைத்தாள். கிறிஸ்துநாயகம் கூரையைப் பார்த்தார். நான் வடிவாகக் கேட்கவென்று போனுக்குக் கிட்டக் குனிந்தேன்.

“அண்ணை, அங்க வேற ஆரோ மூச்சு விடுற சத்தம் கேக்குது.”

“அது பக்கத்து வீட்டுக் கிளடிஸ் அக்கா,” என்றார் கிறிஸ்துநாயகம். “அவவுக்கு எல்லா நாளும்.”