கூண்டுக்குள் அறுபத்தைந்து கிலோ

மொங்கியாவின் வலது கைக்குத் துனிசியாவின் லா குலெத் துறைமுக ஊர் முழுக்க ஒரு மதிப்பு இருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு வாங்கப் போகிறவர்கள் அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆட்டின் வயிற்றடியில் கையைக் கொடுத்து ஒரு தூக்கு. "நாப்பத்திரண்டு. ரோமத்துக்கு ரெண்டைக் கழிச்சுக்கோ" என்பாள். அப்புறம் தராசும் அதையேதான் சொல்லும்.

தம்பி மனைவி ஒல்ஃபா இணையத்தில் கடை திறந்து வெளிநாடுகளுக்குச் சாமான் விற்கத் தொடங்கியபோது, ஒவ்வொரு பொருளுக்கும் எடையும் அளவும் போட வேண்டியிருந்தது. அதை வைத்துத்தான் வாங்குகிறவர்களுக்கு அனுப்பும் கூலி கணக்காகும்.

"தராசு ஒண்ணு வாங்கிடலாமாக்கா?" என்று ஒல்ஃபா கேட்டாள்.

"நான் செத்த பிறகு வாங்கிக்கோ" என்றாள் மொங்கியா.

அன்றிலிருந்து அவள் தூக்குவாள், இவள் தட்டுவாள். நாபெல் ஊர் மண்கிண்ணமா? தொள்ளாயிரம் கிராம், வைக்கோலும் பெட்டியும் சேர்த்து ஆயிரத்து இருநூறு. நீள அகலத்துக்கு மொங்கியாவின் சாண். பத்தொன்பது பொட்டலங்கள் கடல் தாண்டிப் போயின. ஒன்றுகூடப் பிசகவில்லை.

இருபதாவது, பறவைக்கூண்டு. சிதி பூ சயித்தில் செய்த வெள்ளைக் கம்பிக் கூண்டு, நீலக் கதவு, மசூதி மாடம் போல உருண்ட தலை. மொங்கியா அதை ஒரு விரலில் மாட்டித் தூக்கினாள்.

"மூணு கிலோ இருநூறு."

"நீள அகலம்?"

"உள்ள இருக்கறது காத்துதானேடி. காத்துக்கு யாரு காசு கேப்பா? ஏதாவது போடு."

ஒல்ஃபா கிண்ணத்துக்குப் போட்ட அளவையே போட்டாள். மறுநாளே ஃபின்லாந்திலிருந்து ரீட்டா என்ற பெண்மணி கூண்டை வாங்கிவிட்டாள். மகளுக்குக் கல்யாணமாம். விருந்தாளிகள் வாழ்த்து உறைகளைப் போடக் கூண்டு வேண்டுமாம். ஜூன் இருபதாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டிக் கடையில் கெஞ்சி வாங்கிய அட்டையில் பெட்டி செய்து, மஞ்சள் டாக்ஸியின் தலையில் கட்டிக்கொண்டு, இருவரும் பார்சல் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே ஷாத்லி என்ற எழுத்தர். மெலிந்த உடம்பு, காதில் பேனா. பெட்டியைத் தராசில் வைத்தான்.

"அஞ்சு கிலோ முன்னூறு."

"கூண்டு மூணு இருநூறு, அட்டை ரெண்டு கிலோ நூறு" என்றாள் மொங்கியா, வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

ஷாத்லி ஒரு அளவு நாடாவை எடுத்தான். இப்படி வைத்தான், அப்படி வைத்தான், கணிப்பானைத் தட்டினான். "அறுபத்தஞ்சு கிலோன்னு போடணும்மா."

"யா லத்தீஃப்! உன் தராசு இப்பதானே அஞ்சுன்னு சொல்லிச்சு?"

"தராசு அஞ்சுங்குது. நாடா அறுபத்தஞ்சுங்குது. ரெண்டுல எது பெருசோ அதுக்குத்தான் கூலி. நீளம், அகலம், உயரம் மூணையும் பெருக்கி அய்யாயிரத்தால வகுப்போம். விமானத்துல இடம் அடைக்குதில்ல?"

"தம்பி, இதை நான் ஒத்தை விரல்ல தூக்கினேன்!"

"விமானத்துக்கு விரல் இல்லையேம்மா" என்றான் ஷாத்லி. வரிசை சிரித்தது.

பெட்டியோடு திரும்பும் வழியில் மொங்கியா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, யாருடைய கைகளோ என்பது போல அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சக் கூலியை நாமே கட்டிவிடலாம் என்றாள் ஒல்ஃபா. அந்தப் பணத்துக்கு ஒன்றரை ஆடு வாங்கலாம்.

"வேணாம். உள்ளதை அவளுக்கு எழுது" என்றாள் மொங்கியா. "தப்பு என் கைமேலன்னு எழுது. அஞ்சு கிலோ கூண்டு, அறுபது கிலோ காத்து. லா குலெத் காத்துதான், நல்ல காத்து, ஆனா கூலி கட்டுப்படியாகாது. வேணாம்னா காசைத் திருப்பித் தந்துடறோம்னு எழுது."

ஒல்ஃபா அப்படியே எழுதினாள். மொழிமாற்றும் செயலி அதை என்ன பாடுபடுத்தியதோ, ரீட்டாவிடமிருந்து வந்த பதிலில் முதல் மூன்று வரியும் சிரிப்பு. நான்காவது வரி:

"காத்துக்குப் பதிலா அறுபது கிலோவுக்கு வேற என்ன வச்சிருக்கீங்க? கூலியை நான் தர்றேன்."

ஒல்ஃபா அதைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அன்று மாலை வரை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் செய்திகள் பறந்தன. விருந்தாளிகள் நூற்றுப்பத்துப் பேர். ஊர் வழக்கப்படி எல்லாரும் நீராவி அறையில் வேர்க்க உட்கார்ந்துவிட்டு ஏரியில் குதிப்பார்களாம். அப்படியானால் ஆளுக்கொரு ஃபூத்தாத் துண்டு, கோடு போட்டது. நாற்பது சின்னக் கிண்ணம். ஆளுக்கொரு ஒலிவமரக் கரண்டி.

"முப்பத்திமூணு, பதினாறு, அஞ்சரை" என்று மொங்கியா விரல் மடக்கினாள். அவள் முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது. "கூண்டு, பெட்டியோட சேத்து அறுபதுக்குக் கொஞ்சம் கம்மி. நாடாவுக்குள்ள அடங்கிடும்டி!"

அடங்க வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. கூண்டின் நீலக் கதவு ஒரு சாண் அகலம். நூற்றுப்பத்துத் துண்டுகளையும் குழல் போலச் சுருட்டி, ஒவ்வொன்றாக அந்த வழியே நுழைக்க வேண்டியிருந்தது. நடுவில் கிண்ணங்களும் கரண்டிகளும், துணிக்குள் பொதிந்து. தொண்ணூறாவது துண்டில் மொங்கியாவின் கை தோள்வரை உள்ளே போய் மாட்டிக்கொண்டது.

"இழுக்காதடி! கம்பி கடிக்குது!"

"சோப்புப் போடட்டுமாக்கா?"

"போடு! சிரிக்காம போடு!"

ஒல்ஃபா சோப்பை எடுக்கப் போனவள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கூண்டும் கையுமாக மொங்கியா வாசலுக்கு வந்து பார்த்தாள். திட்ட வாயெடுத்தவளுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. சிரிப்பில் கை தளர்ந்து, சோப்பில்லாமலே வெளியே வந்தது.

இந்த முறை டாக்ஸியின் தலை தாங்காது என்று பக்கத்துத் தெருக்காரரின் சிறிய சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஷாத்லி பெட்டியைப் பார்த்ததும் காதிலிருந்த பேனாவைக் கீழே வைத்தான். நாலு பேர் சேர்ந்து தராசில் ஏற்றினார்கள்.

"அம்பத்தொன்பது எழுநூறு."

மொங்கியா வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். வரிசை தலையசைத்தது. ஆனால் ஷாத்லி நாடாவை எடுத்தபோது அவன் முகம் மாறியது. துணி திணித்ததில் கூண்டின் கம்பிகள் பிதுங்கி, பெட்டியின் பக்கங்கள் சாப்பிட்ட வயிறு போல உப்பியிருந்தன.

"எழுபத்தொண்ணுக்கு மேல வருதும்மா. எழுபதைத் தாண்டினா நாங்க எடுக்கறதே இல்ல."

மணி நாலரை. கல்யாணத்துக்கு முன் போய்ச் சேரக்கூடிய கடைசி விமானத்துக்கான சரக்கு ஐந்து மணிக்குக் கிளம்பும். மொங்கியா யோசிக்கவில்லை. பெட்டியை இரு கையாலும் கட்டிப்பிடித்து இறுக்கினாள்.

"நிக்கறீங்களே! வந்து பிடிங்க!"

வரிசை கலைந்து வந்தது. ஒரு பக்கம் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பம் அனுப்ப வந்த பெண், மறுபக்கம் மீன் வாடையோடு ஒரு படகுக்காரர், எதிரே இரண்டு குமாஸ்தாக்கள். படகுக்காரர் தன் இடுப்பு வாரைக் கழற்றிப் பெட்டியைச் சுற்றிப் போட்டு இழுத்தார்.

"மாமா, கால்சட்டை!" என்று கத்தினாள் அந்தப் பெண்.

"அது பாட்டுக்கு நிக்கும். நீ அமுக்கு!"

பெட்டி தாழ்ந்த குரலில் முனகியது. ஒல்ஃபா ஒட்டுநாடாவை எடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடினாள். எத்தனை சுற்று என்று எண்ணியவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். வாரைக் கழற்றியபோது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெட்டி உப்பவில்லை.

ஷாத்லி அளந்தான். இன்னொரு முறை அளந்தான்.

"அறுபத்தேழு. போகும்!"

அலுவலகத்தில் குலவை ஒலித்தது. கல்யாண வீட்டில் மட்டும் கேட்கிற குலவை. ஆரம்பித்தது மொங்கியாதான், விண்ணப்பக்காரப் பெண் அதை இன்னும் உயரே கொண்டுபோனாள். ஷாத்லி முத்திரையைக் குத்தினான், ஒன்று போதும் என்றாலும் மூன்று குத்தினான்.

ஜூன் இருபத்தொன்றாம் தேதி காலையில் ரீட்டாவிடமிருந்து ஒரு காணொளி வந்தது. மரப்பாலம், அதன் முடிவில் வெள்ளியாக ஏரி. கோடு போட்ட ஃபூத்தாக்களை இடுப்பிலும் தோளிலும் சுற்றிக்கொண்டு நூறு பேருக்கு மேல் ஓ என்று கத்தியபடி ஓடிவருகிறார்கள். முன்னால் மணப்பெண், தலையில் கல்யாண முக்காடு, கீழே பச்சைக் கோடு போட்ட ஃபூத்தா. கூட்டம் மொத்தமாகத் தண்ணீரில் விழுந்தது.

ஒல்ஃபாவும் மொங்கியாவும் அதை எட்டு முறை பார்த்தார்கள். ஒன்பதாவது முறைக்குத் தெருவில் இருந்தவர்களையும் கூப்பிட்டார்கள்.