காலையில் மட்டும் பேசாத ஸ்பீக்கர்

மாரிசெல்வி எந்தக் காரியத்திலும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவாள். குழம்பு ருசிக்கவில்லையென்றால் மறுநாள் புளியை மட்டும் குறைப்பாள். உப்பும் மிளகாயும் முந்தைய அளவிலேயே இருக்கும். எதை மாற்றினோம், அதனால் என்ன விளைந்தது என்பதை ஒரு நாற்பது பக்க நோட்டில் இடக்கையால் எழுதிவைப்பாள். நான்காண்டுகளுக்கு முன் ஒரு தீ விபத்தில் அவளது வலக்கை விரல்கள் மூன்று மடங்காமற்போயின. அதன்பின் விஸ்வநத்தத்தை அடுத்த அந்தப் பட்டாசுக் கம்பெனியில், பெட்டி மடிக்கும் ஷெட்டிலிருந்து வாயிலறை வேலைக்கு அவள் மாற்றப்பட்டாள்.

உள்ளே செல்வோருக்கு அன்றாடம் பாதுகாப்பு விதிகளை உரக்கச் சொல்வது அவள் பொறுப்பு. வேன்களின் இரைச்சலில் பின்வரிசைக்குக் குரல் எட்டுவதில்லை. சுவரில் எழுதிவைத்தால் பாதிப்பேருக்குப் படிக்கத் தெரியாது. எனவே உள்ளங்கை அளவேயுள்ள சிறு கணினிப் பலகையொன்றை விருதுநகரில் வாங்கிவந்து, அதை இயக்கும் முறையைத் தானே வீடியோக்கள் பார்த்துக் கற்றாள். பாதுகாப்பு விதிகளோடு அன்றைய வெயிலளவு, அன்று பூட்டப்பட்டுள்ள ஷெட்டுகள் ஆகியவற்றையும் தன் குரலில் பதிவுசெய்து, வாயிலறையிலிருந்த பலகையிலிருந்து வேப்பமரத்தில் தொங்கிய பேட்டரி ஸ்பீக்கருக்கு ப்ளூடூத் வழியாக அனுப்பினாள். வாயிலைக் கடந்து புதிதாக மின்கம்பி இழுக்க உரிமத்தில் இடமில்லை. “செம்புத் தகட்டத் தொட்டுட்டு உள்ள போங்க” என்று மரத்திலிருந்து அவள் குரல் கேட்டதும், உடலில் தேங்கிய மின்சாரம் இறங்குவதற்காக நூறு கைகள் வரிசையாகத் தகட்டைத் தொடுவதைக் காண்பது ஒரு நிறைவு.

ஏழு வாரங்கள் தவறாது பேசிய ஸ்பீக்கர், ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு காலை ஊமையாயிற்று. மறுநாளும் அவ்வாறே. ஆனால் மாலையில் அனைவரும் சென்றபின் சோதித்தால் கணீரென்று பேசியது.

“என்ன மாரி, ஒன் பெட்டி இன்னைக்கும் மௌன விரதமா?” என்று கேட்டாள் சின்னத்தாய். ஏழாயிரம்பண்ணை வேனில் வருபவள். ஐம்பதைக் கடந்தும் திரி செருகுவதில் அவளுக்கு ஈடில்லை.

“நாளைக்குப் பேசிரும்க்கா.”

“பேசாட்டி விடு. எங்க வீட்டுக்காரரும் காலையில பேச மாட்டாரு. டீ குடுத்துப் பாரு.”

வரிசை முழுவதும் சிரித்தது. மேலாளர் சுந்தர்ராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

“நல்லா ஓடிட்டு இருந்தது திடீர்னு நிக்குதுன்னா யாரோ கை வச்சிருக்காகன்னு அர்த்தம்,” என்றார் அவர். “திங்கக்கிழமை காரணமும் பேரும் ரிஜிஸ்டர்ல இருக்கணும். கை வச்ச ஆள இந்த சீசனோட அனுப்பிருவேன். தப்பு ஒம்மேலன்னா நீ பழையபடி பெட்டி மடிக்கப் போகலாம். வாசலுக்கு வேற ஆள் பாத்துக்கிடுவேன்.”

பெட்டி மடிக்க மூன்று விரல்களும் மடங்கவேண்டும். அது அவருக்கும் தெரியும்.

மாரிசெல்வி பதறவில்லை. முதல் நாள் பலகைக்கு மின்சாரம் தரும் அடாப்டரை மாற்றினாள். பயனில்லை. அதைப் பழையபடி வைத்துவிட்டு, இரும்பு அலையைத் தடுக்கிறதோ என்று மறுநாள் பலகையை அது இருந்த இரும்புப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்தாள். பிறகு மென்பொருளைப் புதுப்பித்தாள். ஒவ்வொன்றின் எதிரிலும் நோட்டில் ‘மாலை பேசியது, காலை பேசவில்லை’ என்ற ஒரே வரி. வெள்ளிக்கிழமை காலை அவள் பலகையை விட்டுவிட்டு ஸ்பீக்கரையே உற்றுநோக்கினாள். இணைப்புத் தேடும்போது அதன் நீல விளக்கு மினுக்கவேண்டும். இணைந்தபின் நிலையாக எரியவேண்டும். இப்போது அது நிலையாக எரிந்தது. பலகையோ இணைப்பில்லை என்றது.

அப்படியானால் ஸ்பீக்கர் ஊமையன்று. அது வேறொரு கருவியுடன் இணைந்திருக்கிறது. இதை உணர்ந்த கணத்தில் அவள் திரும்பிப் பார்த்தது வாயிலறையின் மர அலமாரியை. கம்பெனிக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. ஆகையால் ஒவ்வொரு வேனுக்கும் ஒரு தட்டென ஒதுக்கி, அனைவரின் கைபேசிகளையும் அங்கே வாங்கிவைப்பார்கள். பிள்ளைகளிடமிருந்து அவசர அழைப்பு வரலாமென்று எவரும் அணைப்பதில்லை. காலையில் அவை அங்கிருக்கும், மாலையில் இரா.

சனிக்கிழமை அவள் வழக்கத்தைவிட முன்னதாக வந்தாள். விஸ்வநத்தம் வேனின் கைபேசிகள் தட்டில் அடுக்கப்பட்டதும் ஸ்பீக்கரை அணைத்துப் போட்டாள், பேசியது. ஏழாயிரம்பண்ணைத் தட்டு நிறைந்ததும் மறுபடி அணைத்துப் போட்டாள், பேசவில்லை. காவலாளி சங்கிலிமுத்துவிடம் ஒரு பையை நீட்டினாள்.

“மாமா, இந்தத் தட்டுல உள்ள போன அஞ்சஞ்சா எடுத்துட்டு ரோட்டு வரைக்கும் போய் நில்லுங்க.”

“போனுக்குக் காத்து வாங்கவா தாயி? நான் எம்புட்டு உத்தியோகம் பாத்திருக்கேன், இது புதுசு.”

“நடங்க மாமா. ஒவ்வொரு தடவையும் நான் கை காட்டுனதும் திரும்பி வரணும்.”

மூன்றாம் நடையில் ஸ்பீக்கர் பேசிற்று. அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்து, ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரை அணைத்துப் போட்டாள். நான்காவதை வைத்ததும் மரம் மௌனமாயிற்று. மஞ்சள் உறையிட்ட அந்தக் கைபேசி சின்னத்தாயுடையது.

சங்கிலிமுத்து வியப்புடன் தலையை ஆட்டினார். “போலீஸ் நாய் கூட இப்பிடிக் கண்டுபிடிக்காது. சரி, அவ போன் எப்பிடி மரத்துக்குப் போச்சு?”

மாரிசெல்வி நோட்டைப் புரட்டினாள். ஆடிப் பதினெட்டு பூஜையன்று மட்டும் பக்கம் வெறுமையாக இருந்தது. அப்போது நினைவு வந்தது. சீசன் வியாபாரம் தொடங்கும் அந்தப் பூஜைக்கு வாயிலில் தோரணம் கட்டியிருந்தார்கள். அம்மன் பாட்டு யாரிடம் இருக்கிறதென்று கேட்டபோது சின்னத்தாய் தன் கைபேசியை நீட்டினாள். ஸ்பீக்கரின் பொத்தானை அழுத்தி அதனுடன் இணைத்தவள் மாரிசெல்வியே. விடுமுறை நாள்தானே என்று எழுதவுமில்லை, இணைப்பை நீக்கவுமில்லை. மறுநாள் முதல், ஸ்பீக்கர் விழிக்கும்போதெல்லாம் தனக்குத் தெரிந்த கருவிகளைத் தேடியது. சிறு பலகை விடையளிக்குமுன் கைபேசி முந்திக்கொண்டது.

பழுதை நீக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பொத்தானை நெடுநேரம் அழுத்திப் பழைய இணைப்புகள் யாவற்றையும் ஸ்பீக்கர் மறக்கும்படி செய்து, பலகையுடன் மட்டும் மீண்டும் இணைத்தாள். மஞ்சள் உறைக் கைபேசி தட்டிலேயே இருக்க, ஐந்து முறை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். ஐந்து முறையும் மரம் பேசியது. ஐந்தையும் நோட்டில் எழுதினாள்.

அதன்பின் ரிஜிஸ்டரைத் திறந்தாள். ‘காரணம்’ என்ற கட்டத்தை நிரப்பினாள். அடுத்தது ‘பெயர்’.

சங்கிலிமுத்து குரலைத் தாழ்த்தினார். “என்னத்த யோசிக்க? போன் அவ போனு. அதை எழுதிக் குடுத்தா ஒன் வேலை நிக்கும். நீ ஒண்ணும் பொய் எழுதலயே.”

“போன் அவுகளுதுதான் மாமா. சேத்தது என் கை.”

“அது எனக்கும் ஒனக்கும்தான் தெரியும்.”

“அவுகளுக்கு ப்ளூடூத்துன்னா என்னன்னே தெரியாது. கேட்டாகன்னு குடுத்தாக.”

“பெட்டி மடிக்க அனுப்பிட்டா என்ன செய்வ? ஒன் கைய நெனச்சுப் பாரு.”

அவள் ரிஜிஸ்டர் நழுவாதபடி வலக்கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். வெளியே, அடுத்த வேனில் வந்தவர்கள் செம்புத் தகட்டை வரிசையாகத் தொட்டுச் சென்றுகொண்டிருந்தார்கள். பிறகு பேனாவை இடக்கையில் எடுத்தாள்.

“என் பேரத்தான் எழுதப் போறேன் மாமா,” என்றாள்.