சம்பந்திகள் கட்டிய கார்

பல்பு மாற்றுவதற்காக நாற்காலி மேல் ஏறிய மகன் நாற்காலியோடு சேர்ந்து கீழே வந்தான். நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு வலது மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார்கள். செய்தி வந்த மறுநாளே அவன் அம்மா, ஊரில் எல்லோருக்கும் தையற்காரம்மா, கடையைச் சாத்தி, சாவியைப் பக்கத்துக் கடைக்காரியிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள். மருமகளுக்கு ஆய்வுக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை வேலை. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் வருவாள். பகலெல்லாம் ஒற்றைக் கையோடு பிள்ளை என்ன செய்வான் என்பதுதான் வழி நெடுக அவளுடைய கவலை.

போய் இறங்கினால், சோபாவில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார்.

மருமகளின் அப்பா அவர். வண்டிகளைச் சோதித்து, ஓடத் தகுதியானது என்று சான்று கொடுக்கும் வேலையில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவர். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் சொந்தபந்தம் எல்லோருக்கும் அவர் இன்ஸ்பெக்டர்தான். அவர் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. மனைவி மூத்த மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த வீட்டு நாய்க்கும் இவருக்கும் ஆகாது என்பதால் இவர் இங்கே வந்துவிட்டார்.

தையற்காரம்மாவுக்கு அவர்மேல் ஒரு பழைய மனத்தாங்கல் இருந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் அமர்த்தியிருந்த வண்டியின் டயரைக் குனிந்து பார்த்தவர், இந்த வண்டி நகரக் கூடாது என்று எல்லோர் முன்னிலையிலும் டிரைவரிடம் சத்தம் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். வேறு வண்டி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் அவள் தலைகுனிந்து வாசலில் நின்றாள். அதற்குப் பிறகு நான்கு வருஷமாக இருவரும் நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டார்கள், ஒட்டியும் ஒட்டாமலும்.

மகனுடைய பிழைப்பு கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கட்டைகளைப் பொருத்திக் கட்டும் மாதிரி கிட்டுகளைக் கட்டிப் பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு ஒரு பத்திரிகைக்கு எழுதுவான். அவன் எண்பது போட்டால் வாங்கலாம், அறுபது போட்டால் யோசிக்கலாம் என்று நினைக்கும் வாசகர்கள் ஏராளம். தையற்காரம்மா வந்த இரண்டாம் நாள் ஒரு பெட்டி வந்தது. சூப்பர் கார். மூவாயிரத்து எழுநூறு துண்டுகள். கட்டி முடித்தால் மூன்று சாண் நீளம் இருக்கும். எட்டு கியர், மேல்நோக்கித் திறக்கும் கதவு, சக்கரம் சுற்றினால் ஏறி இறங்கும் பிஸ்டன்கள். எட்டு நாளில் கட்டுரை போயாக வேண்டும்.

மகன் மாவுக்கட்டைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். இடது கையால் ஒரு துண்டைப் பொருத்தப் பார்த்தான். அது மேசைக்கு அடியில் ஓடிப் போயிற்று. குனிந்து எடுத்துக் கொடுத்தது இன்ஸ்பெக்டர். கொடுத்ததோடு நிற்காமல், பெட்டியின் மேலிருந்த படத்தையும் எடுத்துப் பார்த்து, சஸ்பென்ஷன் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார். தையற்காரம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. தானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இப்படித்தான் வேலை ஆரம்பித்தது.

இருவரும் வேலை செய்யும் முறை வேறு வேறு. தையற்காரம்மா காலியான முட்டை அட்டைகளைக் கொண்டுவந்து, அச்சு, பின், பல்சக்கரம் என்று வகை பிரித்துக் குழிகளில் போட்டாள். கட்டும் முறையைக் காட்டும் புத்தகத்தில் எழுத்தே கிடையாது, முழுக்கப் படம். துணி வெட்டும் அளவுத் தாளைப் பார்ப்பதுபோல் அவள் ஒவ்வொரு படத்தையும் விரல் வைத்துப் பார்த்த பிறகே துண்டைத் தொட்டாள். இன்ஸ்பெக்டருக்கோ புத்தகத்தைப் பார்ப்பதே கௌரவக் குறைச்சல். வண்டிக்குள் எது எங்கே போகும் என்று தனக்குத் தெரியாதா என்பார். இரண்டு தரம் முன் அச்சைத் தலைகீழாகப் பொருத்திப் பிரித்த பிறகு, புத்தகத்தை ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினார்.

சண்டை வராமல் இருக்க மகன் ஓர் ஏற்பாடு செய்தான். உள்ளே எண் போட்ட பைகளில் ஒற்றைப்படை அம்மாவுக்கு, இரட்டைப்படை மாமாவுக்கு. ஒருவர் கட்டியதை மற்றவர் சரிபார்த்துப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் கீழே பென்சிலால் டிக் போட வேண்டும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் கை தடுமாறுகிறது, எந்தத் துண்டு இறுக்கம் என்று கேட்டுக் கேட்டு இடது கையால் தட்டச்சு செய்துகொள்வான்.

மூன்றாம் எண் பை கியர்பெட்டி. அது தையற்காரம்மாவின் பங்குக்கு வந்ததில் இன்ஸ்பெக்டருக்கு உள்ளூர வருத்தம். வாய் சும்மா இருக்குமா? அவள் பல்சக்கரங்களைக் கோத்துக்கொண்டிருந்தபோது, கியர்பெட்டி தெரிந்தவன் கட்ட வேண்டியது, தெரியாதவர்கள் அமர்த்திய வண்டி எப்படி இருந்தது என்று கல்யாணத்தன்றே பார்த்தோமே என்று மருமகனைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு அது விளையாட்டு. அவளுக்குச் சுருக்கென்றது. குனிந்து வேலையைப் பார்த்தாள். அன்று பகல் முழுக்க அவள் வாய் திறக்கவில்லை. தான் சொன்னது தப்பாகப் போயிற்று என்று அவருக்கும் புரிந்தது. புரிந்ததால் எரிச்சல். அவள் நீட்டிய கியர்பெட்டியை வாங்கி, டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. என்ஜினை அவர் கட்டினார். பன்னிரண்டு பிஸ்டனும் வரிசையாக ஏறி இறங்கியபோது அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது. இருக்கைகளை அவள் கட்டினாள். ஒட்டுப் படங்களை ஒட்டும்போது மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவள் துணியில் பட்டை வைப்பதுபோல் ஓரத்திலிருந்து நீவிக்கொண்டே போய், ஒரு குமிழ் இல்லாமல் ஒட்டினாள். இன்ஸ்பெக்டர் ஆட்காட்டி விரலால் தடவிப் பார்த்து, குறை சொல்ல ஒன்றுமில்லை என்றார். அவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் பாராட்டு அதுதான்.

ஏழாம் நாள் காலையில் கடைசிக் கதவும் ஏறியது. நல்ல நீலம். சாப்பாட்டு மேசையில் நின்ற அதை மூவரும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். பிறகு சோதனை. இன்ஸ்பெக்டர் காரைத் தூக்கிப் பிடிக்க, தையற்காரம்மா பின்சக்கரத்தைச் சுற்ற, மகன் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த குட்டி நெம்புகோலைத் தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொரு தட்டுக்கும் பிஸ்டன்களின் வேகம் மாறியது. ஐந்தாவதைத் தட்டியதும் சக்கரம் நின்றுவிட்டது. கொஞ்சம் அழுத்திச் சுற்றினால் உள்ளே டக் டக்கென்று சத்தம். நான்குக்கு இறக்கினால் ஓடியது. ஐந்துக்கு ஏற்றினால் பூட்டிக்கொண்டது.

ஒரே சமயத்தில் இரண்டு கியர் விழுகிறது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். வடிவமைத்தவன் கோட்டை விட்டிருக்கிறான் என்பது அவர் தீர்ப்பு. மகனுக்குச் சந்தேகம்தான். ஆனால் புத்தகத்தில் எல்லாப் பக்கத்திலும் டிக் இருந்தது. மறுநாள் காலை கட்டுரை போக வேண்டும். கியர்பெட்டி ஐந்தாவதில் பூட்டிக்கொள்கிறது, இது வடிவமைப்பின் குறை என்று எழுதி, நூற்றுக்கு அறுபத்தாறு போட்டான். போட்டுவிட்டுக் கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனான்.

வீட்டில் சம்பந்திகள் இருவர் மட்டும். இன்ஸ்பெக்டர் பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தையற்காரம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சட்டை கை தூக்க முடியாமல் பிடித்தால் அவள் அளவுத் தாளைக் குறை சொல்லமாட்டாள், முதலில் தன் தையலைத்தான் பார்ப்பாள். புத்தகத்தை எடுத்து மூன்றாம் பையின் முதல் படத்திலிருந்து மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கியர் மாற்றுவதற்கு இரண்டு ஆரஞ்சு உருளைகள். ஒவ்வொன்றிலும் கடுகளவு ஒரு பள்ளம். புத்தகத்தில் முதல் உருளையின் பள்ளம் மேலே பார்த்திருந்தது. இரண்டாவதில் இடது பக்கம் பார்த்திருந்தது. படத்தில் அந்தப் பள்ளத்தைப் பழுப்புக் கோட்டில் போட்டிருந்தார்கள். கண்ணைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் தெரியும். அவளுக்கு நினைவு வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில்தான் கல்யாண வண்டிப் பேச்சு வந்தது. முகம் கடுகடுவென்றிருக்க, முதல் உருளையை வைத்த மாதிரியே இரண்டாவதையும் பள்ளம் மேலே பார்க்க வைத்துத் தள்ளியிருக்கிறாள்.

பேசாமல் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. கார் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அறுபத்தாறு என்று மகன் பெயரில் அச்சாகும். யாரோ உட்கார்ந்து மாதக்கணக்கில் யோசித்து வடிவமைத்ததன்மேல் அவளுடைய கோபத்தின் பழி விழும். புத்தகத்தை விரித்தபடியே பால்கனிக்கு எடுத்துப் போனாள்.

"சம்பந்தி, கிட்டுல தப்பு இல்ல. இந்த ரெண்டாவது உருளைய நான்தான் தப்பா வெச்சிருக்கேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் பார்வை பக்கத்தின் அடிக்கு இறங்கியது. அங்கே பென்சில் டிக் இருந்தது.

"இத நான் பாக்காமலே போட்டேன்," என்றார். "உங்க மூஞ்சிய நிமிந்து பாக்கவே சங்கடமா இருந்துச்சு. சீக்கிரம் குடுத்துட்டா போதும்னு போட்டுட்டேன். சர்வீஸ்ல ஒரு வண்டிய நான் இப்படி விட்டதில்ல."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கேட்க வேண்டும் என்று நான்கு வருஷமாக நினைத்ததை அப்போது கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"அன்னிக்கு அந்த டயர் நெஜமாவே அவ்வளவு மோசமா சம்பந்தி?"

"கம்பி வெளிய தெரிஞ்சுது. ஆனா உங்களத் தனியா கூப்பிட்டுக் காட்டியிருக்கணும். அத்தன பேர் முன்னாடி சத்தம் போட்டது என் தப்பு."

அவள் தலையசைத்தாள். கம்பி தெரிந்த டயரில் பிள்ளையும் மருமகளும் ஏறிப் போயிருப்பார்களே என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குமேல் பேச நேரம் இல்லை, மறுநாள் காலை கட்டுரை போய்விடும்.

முழுக் காரையும் பிரித்தால் நாலு நாள் ஆகும். இன்ஸ்பெக்டர் ஒரு பூந்துவாலையை மேசையில் விரித்துக் காரைக் கவிழ்த்துப் போட்டார். அடியில் அங்கும் இங்கும் விரலால் தட்டிப் பார்த்தார். நிஜ வண்டியில் கியர்பெட்டியை இறக்குவதற்கு என்ஜினைத் தொட வேண்டியதில்லை, இதிலும் அப்படித்தான் இருக்கும் என்றார். இருக்கைகளையும் அவற்றுக்கு நடுவிலிருந்த மேட்டையும் தரைப் பலகையையும் கழற்றினால் வழி கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். கழற்றுவது அவள் வேலை. தையலைப் பிரிப்பதுபோல், துணி கிழியாமல் நூலை மட்டும் எடுப்பதுபோல், வழியில் இருந்த அறுபது துண்டுகளையும் எடுத்த வரிசை மாறாமல் மேசையில் அடுக்கினாள். ஓர் அச்சு வரமாட்டேன் என்றது. கூந்தலிலிருந்து ஒரு கொண்டை ஊசியை எடுத்து நெம்பினாள், வந்துவிட்டது. உருளையைக் கால் சுற்றுத் திருப்பினாள். அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தை ஒரு தரம், உருளையை ஒரு தரம், மறுபடி புத்தகத்தை ஒரு தரம் பார்த்து, சரி என்றார்.

மகன் திரும்பி வந்தபோது கார் நிமிர்ந்து நின்றது. எட்டு கியரும் ஓடியது. நடந்ததை அம்மாதான் சொன்னாள். மாமா குறுக்கே புகுந்து தன் பங்கையும் சொன்னார். மகன் முதலில் திருதிருவென்று விழித்தான். பிறகு பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிட்டு மறுநாள் மதியம் வரை நேரம் வாங்கினான்.

மதிப்பெண்ணில் மறுபடியும் வாக்குவாதம் வந்தது. இன்ஸ்பெக்டர் எழுபதுக்கு மேல் தரமாட்டேன் என்றார். முழுச் சான்று கொடுத்துப் பழக்கமில்லை, காரின் பின்புற இறக்கை ஏறும்போது ஒரு மயிரிழை ஆடுகிறது என்றார். தையற்காரம்மா தொண்ணூற்றிரண்டில் நின்றாள். இருக்கையின் தையல் கோடுகூடத் தெரிகிற மாதிரி செய்திருக்கிறார்கள், அதற்கு மனசு வந்து போட வேண்டாமா என்பது அவள் கட்சி. மருமகள் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, தன் அப்பாவும் மாமியாரும் ஒரு பொம்மைக் காருக்காக மல்லுக்கு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவில் மகன் எண்பத்து மூன்று போட்டான். இரண்டாம் உருளையின் பள்ளத்தைக் கண்ணுக்கே தெரியாதபடி வரைந்ததற்காக நான்கு மதிப்பெண் குறைத்துத்தான் அந்த எண்பத்து மூன்று. இந்தக் காரைத் தன் அம்மாவும் மாமனாரும் கட்டினார்கள் என்றும், எந்தப் பக்கத்தில் எப்படித் தவறினார்கள் என்றும், அதைத் திறந்து சரிசெய்யும் வழி என்ன என்றும் விளக்கமாக எழுதினான். கோபத்தைப் பற்றி மட்டும் எழுதவில்லை. கவனம் சிதறியது என்று போட்டான்.

கட்டுரை வந்த வாரத்தில் ஒன்பது கடிதங்கள் வந்தன. ஒன்பது பேருக்கும் அதே பக்கத்தில் அதே தவறு. ஒருவர் காரை மொத்தமாகப் பிரித்துப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டாராம். இப்போது இறக்கிவிட்டேன் என்று எழுதியிருந்தார். இன்னொரு அம்மாள், கணவரும் நானும் மூன்று நாளாகப் பேசவில்லை, தவறு யாருடையது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது, அது என்னுடையது, அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாள்.

மகன் கணினித் திரையைத் திருப்பி வைக்க, தையற்காரம்மா ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள். இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாளின் கடிதத்தை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும், சொல்லிவிடச் சொல்லிப் பதில் போடு என்று மருமகனிடம் சொன்னார். சாப்பிட்ட பிறகு சொன்னால் நல்லது என்று தையற்காரம்மா சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். மகன் இரண்டையும் இடது கையால் நிதானமாகத் தட்டினான்.