பிளேட் கொண்டு வந்த சம்பந்தி

நிச்சயதார்த்த விருந்துக்கு மேசையை வாடகைக்கு எடுக்கலாம் என்று என் மகள் டீகன் சொன்னபோது எனக்குச் சுர்ரென்று ஏறியது. இரும்பு உருக்கும் ஊரான வையாலாவில் பிறந்தவள் நான். கார் ஷெட்டில் வெல்டிங் மெஷின் சும்மாவா கிடக்கிறது?

"நானே செய்றேன். உங்க அப்பன் வந்து பாக்கட்டும்" என்றேன்.

அப்பன் என்பது வெர்ன். விவாகரத்தாகி இத்தனை வருஷமாகியும், 'மரீ ஆணி அடித்தால் சுவரே விழும்' என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிகிற ஆள். அவன் கண் முன்னால், நான் செய்த மேசையில் என் மகள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சதுர இரும்புக் குழாயை அறுத்து, வெல்டிங் வைத்து, கறுப்பு பெயின்ட் அடித்தேன். மேலே பழைய ரெட்கம் மரப் பலகைகள். எண்ணெய் தேய்த்ததும் செக்கச்செவேலென்று மின்னின. சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. ஞாயிறு காலை வெளியே நகர்த்திக் கையை ஊன்றினேன். மேசை பக்கவாட்டில் ஆடியது. அந்தப் பலகைக் கனத்துக்கு மூலைகளில் இரும்புத் தகட்டால் முட்டு வைத்திருக்க வேண்டும். பார்க்க ஒல்லியாக இருக்கட்டும் என்று விட்டுத் தொலைத்திருந்தேன். ஷெட்டையே கவிழ்த்துத் தேடியும் ஒரு துண்டுத் தகடு இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குள் விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். 'ஆளுக்கொரு பிளேட் கொண்டு வாருங்கள்' என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தேன். இங்கே அப்படிச் சொன்னால், வீட்டில் செய்த பதார்த்தம் ஒன்றோடு வா என்று அர்த்தம். கோஸ் சாலட் வந்தது, சாசேஜ் ரோல் வந்தது, பாவ்லோவா கேக் வந்தது. வெர்ன் ஒரு கோழி ரோஸ்ட்டோடு வந்து மேசையை ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தான்.

"என்ன மரீ, இது மேசையா, தொட்டிலா? சாஸ் பாட்டில பிடிச்சுக்க ஒரு ஆளப் போட்டுடு."

கடைசியாக வந்தவர் மாப்பிள்ளை லூக்காவின் அப்பா வியெக்கோ. குரோஷியாவில் கப்பல் கட்டிய மனுஷர், போன மாதம்தான் இந்த ஊருக்கு வந்தார். மூச்சு வாங்கச் சுமந்து வந்த சாக்கைத் தொப்பென்று இறக்கினார். உள்ளே கனமான இரும்புத் தகடு; கப்பல் பட்டறையில் பிளேட் என்றால் அதுதான்.

"பிளேட் கேட்டிருந்தீங்களே சம்பந்தியம்மா. மேசை செய்றீங்கன்னு டீகன் சொல்லிச்சு. எவ்ளோ கனம்னு எழுதல, குத்துமதிப்பா எடுத்தாந்துட்டேன்."

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லூக்கா காதில் விஷயத்தைச் சொன்னதும் பாவம், மனுஷருக்கு முகம் சுண்டிப்போயிற்று. நான் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டேன்.

"நீங்க தெய்வம் சம்பந்தி. கோழி ஆறுனா ஆறட்டும், ஷெட்டுக்குள்ள வாங்க."

பலகையைக் கழற்றினோம். அவர் சாக்பீஸால் முக்கோணம் வரைய, நான் அறுத்தேன். மூலைகளில் பெயின்டைச் சுரண்டி, முட்டுகளை வைத்துப் பற்றவைத்தேன். சூடு ஆறியதும் பலகையைத் திரும்ப முடுக்கினோம். வெர்ன் வந்து தன் முழு உடம்பையும் சாய்த்து அழுத்தினான். மேசை அசையவில்லை.

"சரி, நிக்குது" என்றான்.

அவன் வாயிலிருந்து அது வந்ததே பெரிய விஷயம். ஆனால் நான் அவனைப் பார்க்கவில்லை. டீகன் பலகையைத் தடவிக்கொண்டே நின்றிருந்தாள்.

"அம்மா, கல்யாணத்துக்கு அப்புறம் இத எங்க வீட்டுக்குத் தருவியா?"

"எடுத்துட்டுப் போடி" என்றேன். ஆறிப்போன கோழியை மேசையில் வைத்து அவளை உட்காரச் சொன்னேன்.