இருநூறு காட்டிய திரை

தொண்ணூற்றெட்டாம் வருடம் தை மாதம். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்தில் முகம்மது சுல்தான் அண்ணாச்சி வைத்திருந்த கம்ப்யூட்டர் கடையில் நான் வேலை பார்த்தேன். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்தாலும் அண்ணாச்சி என்னைச் சேர்த்தது போன் எடுக்கவும் பில் போடவும்தான். பாகங்களைச் சேர்த்து மெஷின் பூட்டும் வேலையை நானாகக் கேட்டு வாங்கினேன்.

"பொம்பளப் பிள்ள ஸ்க்ரூடிரைவரோட உக்காந்திருந்தா வாரவன் என்ன நினைப்பான்?" என்று முதலில் இழுத்தார். நான் பூட்டிய நாலு மெஷின் புகார் இல்லாமல் ஓடவும், "டார்லின் பாத்துக்கிடுவா" என்று அந்த மேஜையை என்னிடமே விட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்று இப்போது தெரிகிறது.

ஐந்தாவது மெஷின் சேரன்மகாதேவி சீதாலக்ஷ்மி டீச்சருக்கு. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு, சுயவிருப்பத்தில் ஓய்வு வாங்கிக்கொண்டவர். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் பரீட்சை வினாத்தாள் அடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. எங்கள் கடையில் இரண்டு மாதம் வந்து டைப் செட்டிங் படித்தார். மற்றவர்கள் சிரிப்பதையும் பொருட்படுத்தாமல், ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டு எழுதிக்கொள்வார். தை முதல் வெள்ளிக்கிழமை மெஷின் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று கேட்டிருந்தார். வந்துவிடும் என்று நான் சொல்லியிருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் சென்னையிலிருந்து பார்சல் வந்தது. பிரித்தால், நாங்கள் கேட்டிருந்த இருநூறு மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் சிப்புக்குப் பதிலாக நூற்று அறுபத்தாறு இருந்தது. போன் போட்டேன். இருநூறு வர இன்னும் பத்து நாளாகும் என்றார்கள். அண்ணாச்சி திசையன்விளையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மெஷின் வைக்கப் போயிருந்தார்.

ப்ராசஸர் உட்காரும் மதர்போர்டில் ஊசி ஊசியாகக் கம்பிகள் நிற்கும். இரண்டு ஊசியைச் சேர்த்து மாட்ட நெல்மணி அளவில் ஒரு பிளாஸ்டிக் மூடி உண்டு. அதற்குப் பெயர் ஜம்பர். எந்த ஊசிகளில் மாட்டுகிறோமோ அதை வைத்துத்தான் ப்ராசஸர் என்ன வேகத்தில் ஓடும், எவ்வளவு வோல்டேஜ் எடுக்கும் என்பதெல்லாம் அமையும். போர்டோடு வரும் புத்தகத்தில் அட்டவணை போட்டிருப்பார்கள். நூற்று அறுபத்தாறுக்கு ஒரு வரி, அதற்கு நேர் கீழே இருநூறுக்கு ஒரு வரி. இரண்டுக்கும் ஒரு ஜம்பர்தான் வித்தியாசம்.

இடுக்கியால் அதை எடுத்துப் பக்கத்து ஊசியில் மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் 200 என்று வந்தது. ஒரு மணி நேரம் ஓடவிட்டேன், நிற்கவில்லை. பத்து நாள் கழித்துச் சரியான சிப் வந்ததும் மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணாச்சியிடம் சொல்லவில்லை.

மறுநாள் காரில் கொண்டுபோய் வைத்தோம். டீச்சர் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். அவர் வீட்டுக்காரர் சுந்தர்ராமன் சார் பேங்கில் வேலை பார்ப்பவர். கண்ணாடியை இறக்கித் திரையைப் பார்த்தார்.

"இருநூறுன்னு காட்டறதே. பில்லுல போட்டிருக்கறது அதானேம்மா?"

"ஆமா சார்," என்றேன்.

பத்து நாளில் இருநூறு வந்தது. அதற்குள் வள்ளியூரிலிருந்து ஒருவர் அவசரப்படவே அவருடைய மெஷினில் போட்டுக் கொடுத்தேன். டீச்சரிடமிருந்து ஒரு புகாரும் இல்லை. ஓடிக்கொண்டிருப்பதைப் போய் ஏன் பிரிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

மாசி கடைசியில் வெயில் ஏறியது. ஒரு நாள் காலையில் டீச்சர் கடைக்குப் போன் பண்ணினார்.

"டார்லின், நான் ஏதோ தப்பா அமுக்கிடறேன் போலிருக்கு. மத்தியானம் ஆனா அப்படியே நின்னுபோயிடறது. உனக்கு நேரம் இருந்தா ஒருதரம் வந்து சொல்லிக் கொடுத்துட்டுப் போறியா?"

பஸ் பிடித்துப் போனேன். டீச்சர் ஒரு நாற்பது பக்க நோட்டை என் முன்னால் விரித்து வைத்தார். தேதி, மணி, எந்தப் பள்ளியின் எந்தத் தாள், எத்தனையாவது கேள்வி, கடைசியாக அமுக்கிய பொத்தான் எது என்று கோடு போட்டு எழுதியிருந்தார். பதினேழு தடவை நின்றிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நேரே 'என் தவறு?' என்று ஒரு கட்டம். அதில் 'அவசரப்பட்டேன்', 'இரண்டு பொத்தான் ஒன்றாகப் பட்டிருக்கலாம்' என்றெல்லாம் குறித்திருந்தார்.

பதினேழும் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில். படித்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. தாங்காத வேகத்தில் ஓடும் சிப், வெயில் நேரத்தில் சூடேறி நின்றுவிடுகிறது.

சுந்தர்ராமன் சார் அன்று விடுப்பில் இருந்தார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "நான் அப்பவே சொன்னேன். இந்த வயசுல இதெல்லாம் வராதுன்னு. கேட்டாத்தானே," என்றார். டீச்சர் நோட்டின் ஓரத்தை மட்டும் நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நிமிஷத்தில் நான் சொல்லியிருக்கலாம். டீச்சர் காப்பி போட உள்ளே போனபோது மெஷினின் மூடியைக் கழற்றினேன். வேகத்தைக் குறைத்தால் திரையில் 166 என்று வரும், சார் பார்த்துவிடுவார். அதனால் வோல்டேஜ் ஜம்பரை எடுத்து ஒரு படி கூட்டி வைத்தேன். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் சிப் தாக்குப்பிடிக்கும் என்று எங்கோ கேட்டிருந்தேன். சூடு இன்னும் கூடும் என்பதும் எனக்குத் தெரியும்.

"என்னம்மா, என் மேல தப்பா?" என்று காப்பியை வைத்துக்கொண்டே டீச்சர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல டீச்சர். கொஞ்சம் பைய அமுக்குங்க. வேகமா அடிச்சா அது திணறுது."

இந்தக் கதையில் மிகக் கேவலமானது எது என்று யாராவது கேட்டால், ஜம்பரை மாற்றியதை நான் சொல்ல மாட்டேன். இந்த இரண்டு வரியைத்தான் சொல்வேன். டீச்சர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. சரியாகிவிட்டது என்று நம்பினேன், அல்லது நம்ப முயன்றேன்.

பங்குனியில் ஒரு நாள் ஞானையா சார் கடைக்கு வந்தார். டீச்சருக்கு வேலை கொடுத்துவந்த பள்ளியின் தலைமையாசிரியர். கையில் ஒரு கட்டுத் தாள்.

"அண்ணாச்சி, முழுப் பரீட்சைக்கு வினாத்தாள் அடிக்கணும். உங்ககிட்ட யாராச்சும் உண்டா?"

"சேரன்மாதேவி டீச்சரம்மாதான அடிச்சாங்க?" என்றார் அண்ணாச்சி.

"அவங்க முடியாதுன்னுட்டாங்கவே. போன வாரம் கட்டைத் திருப்பிக் கொடுத்தாங்க. கை நிதானம் இல்ல, அடிச்சதெல்லாம் போயிருது, பிள்ளைங்க பரீட்சையில விளையாடக் கூடாதுன்னு சொன்னாங்க. பாவம், சொல்லும்போதே கண்ணு கலங்கிட்டு."

நான் பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் போனதும் அண்ணாச்சியிடம் சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. கல்லாப்பெட்டியை இழுத்து மூடினார்.

"என் கடையிலயா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "நீயே போய்ச் சொல்லு. நான் வந்து சொன்னா சரிப்படாது," என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் போனபோது கம்ப்யூட்டரின் மேல் ஒரு பழைய புடவைத் துண்டு போர்த்தியிருந்தது. டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மாணவி மாதிரி சங்கடப்பட்டு, "நீ சொன்ன மாதிரி பையத்தான் அமுக்கினேன்மா," என்றார்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். சென்னையிலிருந்து வேறு சிப் வந்தது, வேகத்தைக் கூட்டி வைத்தது, போன தடவை வந்தபோது வோல்டேஜைக் கூட்டியது. கடைசியில், "உங்க மேல ஒரு தப்பும் இல்ல டீச்சர். தெரிஞ்சேதான் உங்க மேல போட்டேன்," என்றேன்.

கீரைத் தண்டு அவர் கையிலேயே இருந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு மாசமா இந்த விரலைச் சந்தேகப்பட்டேன்," என்றார். "டாக்டர்கிட்ட போய் நரம்புத்தளர்ச்சியான்னு கூடக் கேட்டேன். மாத்திரை சாப்பிட்டுண்டு இருக்கேன்."

நான் கம்ப்யூட்டர் மேலிருந்த துண்டை எடுத்து மடித்தேன்.

"அவர் மாடியில இருக்கார். கூப்பிடறேன். அவர்கிட்டயும் சொல்லு."

"டீச்சர்..."

"என்னை அவர் சொன்னதெல்லாம் நீ கேட்டுண்டுதானே இருந்தே?"

சார் இறங்கி வந்தார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அதே வீட்டில் இரண்டாவது தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. வோல்டேஜுக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். டீச்சர் காத்திருந்தார், எடுத்துக் கொடுக்கவில்லை. சார் முதலில் பில்லைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். சார் அதோடு நிறுத்திக்கொண்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். அந்த அறையில் தலைகுனிந்து நின்றது நான் மட்டும் இல்லை.

இரண்டு பேர் முன்னிலையிலும் மூடியைக் கழற்றினேன். இடுக்கியிலிருந்து நழுவி ஒரு ஜம்பர் கீழே விழுந்தது. யாரும் குனியவில்லை. நானே தரையில் தடவி எடுத்து, வேகத்தையும் வோல்டேஜையும் அட்டவணைப்படி பழைய இடத்தில் மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் 166 என்று வந்தது.

டீச்சர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பைய அமுக்கவில்லை, எங்கள் கடையில் படித்த நாளில் அடித்த அதே வேகத்தில் அடித்தார். பன்னிரண்டு மணி, ஒன்று, இரண்டு. நான் சுவரோரமாக நின்றேன். வெளியே நல்ல வெயில். மெஷின் நிற்கவில்லை. என்னை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. இரண்டரை மணிக்கு நானே, "வாரேன் டீச்சர்," என்றேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை அசைத்தார்.

திங்கட்கிழமை ஞானையா சார் பள்ளிக்கூடத்துக்குப் போய் நாலாவது தடவையாகச் சொன்னேன். பாதித் தாள்கள் அதற்குள் வேறு இடத்துக்குப் போய்விட்டன. மீதியை டீச்சருக்கு அனுப்புகிறேன் என்றார். அனுப்பினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த வாரம் சரியான சிப்பை எடுத்துக்கொண்டு சுல்தான் அண்ணாச்சியே சேரன்மகாதேவி போனார். சாயங்காலம் திரும்பி வந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"மாட்டியாச்சு. நல்லா ஓடுது."

"டீச்சர் எதுவும் சொன்னாங்களா அண்ணாச்சி?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

"இனிமே ரிப்பேர்னா வேற ஆளை அனுப்புங்கன்னாங்க. நான் சரின்னு சொல்லிட்டேன்."

மேஜையில் இன்னொரு மெஷின் பாதி பூட்டியபடி கிடந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, ப்ராசஸரின் மேல் அச்சடித்திருந்த எண்ணைத் தானே ஒருமுறை குனிந்து படித்துவிட்டு, "ம், பூட்டு," என்றார்.